வெள்ளிக்கிழமை முனகிய டாங்க்

வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகுதான் அது ஆரம்பிக்கும்.

முதலில் 'டிங்... டிங்' என்று சூடான இரும்பு ஆறுகிற சத்தம். அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஓடி வந்த எந்த வண்டியும் அப்படித்தான் ஆறும். அடுத்து வருவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பெட்ரோல் டாங்க்கின் அடியில் 'க்ளுக்' என்று ஒரு முழுங்கல். அப்புறம் மெல்லிசாக ஒரு முனகல், ஜுரத்தில் கிடப்பவர் புரண்டு படுக்கும்போது வருமே, அப்படி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. சரி, அடங்கிவிட்டது என்று நான் நான்கடி நடந்ததும், யாரோ உள்ளேயிருந்து விரலை மடக்கித் தட்டியதுபோல 'டொக்'.

திரும்பி வந்துவிடுவேன். டாங்க்கின் மேல் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில் ஒரு அறிவியல் ஆசிரியர் மோட்டார் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி நிற்பது ஒன்பதாம் வகுப்பு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். ஒருநாள் ஜன்னலோரத்துப் பையன் எழுந்து, "சார், உங்க வண்டி பசியில கத்துது சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உலோகங்கள் வெப்பத்தால் விரிவதையும் குளிரால் சுருங்குவதையும் பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். அதற்கப்புறம் வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது.

வண்டி என்னுடையது அல்ல, மாமாவுடையது. அம்மாவின் தம்பி. கப்பலில் வேலை கிடைத்துப் போகும்போது, சும்மா நின்றால் துருப்பிடித்துவிடும், நீயே ஓட்டு என்று விட்டுப் போனார். இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. அதற்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. எங்கள் வீடு பம்மலில், தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால். பள்ளிக்கூடம் மேடவாக்கத்துக்கு இந்தப் பக்கம். காற்று திரும்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பின் சேற்று வாசனை வகுப்புக்குள் வரும். பஸ்ஸில் போவதென்றால் பல்லாவரம் வரை ஒன்று, அங்கிருந்து தாம்பரத்துக்கு ஒன்று, ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே போய் நின்றால் எப்போதோ வருகிற மூன்றாவது ஒன்று. வண்டி இல்லாமல் அந்த வேலையில் நான் ஒரு மாதம்கூட இருந்திருக்க முடியாது.

அது கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளிக்கூடம். ஒரு வருஷம் புரொபேஷன். அதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு மேல் பட்டமும், அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் படித்திருந்தேன். அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் திருப்புகிறவர். முழங்காலுக்குக் கீழே அவருடைய தோலே வெந்து வெந்து ஆறியிருக்கும். எனக்கு வேலை கிடைத்த அன்று அவர், "நெலச்சதும் சொல்லு. அன்னியோட தொட்டிய உட்டு ஏறிடறேன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, "நெலச்சிதா?" என்று கேட்பார். "இன்னும் இல்லப்பா" என்பேன். காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போவார்.

அப்படிப்பட்ட வருஷத்தில்தான் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

எங்கே நிற்கும் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். பம்மலிலிருந்து தாம்பரம் வரை சீறிக்கொண்டு வரும். ரயில்வே கேட்டைத் தாண்டும். சேலையூர் போய் ராஜகீழ்ப்பாக்கத்தை நெருங்கும்போது இருமும். இன்னும் இரண்டு பர்லாங். அப்புறம் ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் உயிரை விட்டுவிடும். அங்கேயும் டாங்க் முனகும், 'டொக்' என்று தட்டும். வண்டியை ஆட்டிப் பார்த்தால் பெட்ரோல் தளும்புவது கேட்கும். ஆகவே பெட்ரோல் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவேன். உப்புத்தாளால் தேய்ப்பேன். மாட்டுவேன். கால் மணி நேரம் ஆகும். உதைத்தால் கிளம்பிவிடும். பிளக்தான் காரணம் என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்று பிளக் மாற்றினேன்.

பம்மல் மெயின் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எந்நேரமும் பக்கத்துப் பட்டறையில் தகரம் அடிக்கிற ஓசைக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் வேலையாக டாங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். மூடுவார். உதைப்பார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பும். எடுத்துக்கொண்டு பல்லாவரம் போய்த் திரும்பி வருவார்.

"சார், வண்டில ஒண்ணியும் இல்ல சார். உங்க காதுலதான் கீது."

நான் விடுவேனா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கிழமை, கிளம்பிய நேரம், வெயில், எங்கே பெட்ரோல் போட்டது, எத்தனை மைலில் நின்றது, டாங்க் எத்தனை முறை தட்டியது என்று கட்டம் போட்டு எழுதினேன். படித்தவன் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். மூன்று மாதம் எழுதிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: வண்டி வெள்ளிக்கிழமைகளில் நிற்கிறது. முதல் மாதம் வெள்ளி மட்டும். அடுத்த மாதம் வெள்ளியும் திங்களும். அதற்குப் பிறகு சில வாரம் செவ்வாய்கூட. புதன், வியாழனில் ஒரு தொந்தரவும் இல்லை.

வியாழன் மாலை பெட்ரோல் போடுகிற பங்க்கின்மேல் சந்தேகம் வந்தது. பங்க்கை மாற்றினேன். வெள்ளிக்கிழமை நின்றது. பாதையை மாற்றிக் கேம்ப் ரோடு பக்கமாகச் சுற்றிப் போனேன். நின்றது. நோட்டைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம மட்டும் நிக்கிதுன்னா, பக்தியான வண்டி சார். வெரதம் கீது. உட்டுடுங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இதற்குள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்திருந்தன. மூன்று தடவையும் ரயில்வே கேட் போட்டிருந்தது என்று சொன்னேன். தாம்பரம் கேட் அப்படி நம்பத்தக்க கேட். தலைமையாசிரியர் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிற குரலிலேயே மற்ற நாட்களிலும் பேசுவார். மார்ச்சில் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், என் வகுப்பில் உட்காருவார், அதைப் பார்த்துத்தான் என்னைப் பற்றி ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றார்.

"பாடம் நல்லா எடுக்கறீங்க. அதுல எனக்கு டவுட் இல்ல. ஆனா அன்னிக்கும் கேட் போட்டிருந்தா நான் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க தம்பி."

என் நோட்டின் கணக்கில் அது வண்டி நிற்கிற நாள். வேறு நாள் வைக்கச் சொல்லிக் கேட்கவா முடியும்? அதிகாலையிலேயே பஸ்ஸில் போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் வகுப்பில் செய்து காட்ட வேண்டிய சோதனைக்கான சாமான்களை மூன்று பஸ் மாறித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இங்கே இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் குளிக்கிற நேரத்தில் அம்மா வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பாள். ஹெட்லைட்டில் ஒன்று, டாங்க் மூடியில் ஒன்று. மூடிதான் அவளுக்கு முக்கியம். வட்டமாக, முகம்போல இருக்கும் அது. அதன் நட்ட நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்னப் புள்ளி உண்டு. செய்தவனே பொட்டுக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறான் என்று அம்மா சந்தோஷப்படுவாள். பொட்டு சரியாக அந்தப் புள்ளியின் மேல் உட்காரும்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு, அவள் பார்வையிலிருந்து மறைகிற வரைக்கும் நேராகப் பார்த்து ஓட்டுவேன். தெருமுனை திரும்பியதும் குழாயடியில் நிறுத்துவேன். அம்மா பையில் வைத்துவிட்ட கர்ச்சீப்பை நனைத்து இரண்டு பொட்டையும் அழிப்பேன். கொஞ்சம்கூடத் தெரியக் கூடாது என்று கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் துடைப்பேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அநேகமாக எல்லோரும் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய அப்பாக்களும் ஆசிரியர்கள், சிலருடைய தாத்தாக்களும். இங்கிலீஷ் அவர்களுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் தோல் ஷெட்டுத் தெருவிலிருந்து வருகிறவன் பொட்டு வைத்த வண்டியில் போய் இறங்குவதா என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. சட்டையில் தோல் வாசனை இருக்கிறதா என்று தெருமுனையிலேயே ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிற காலம் அது.

இன்ஸ்பெக்டருக்கு முன்னால் காற்றின் அழுத்தம் பற்றிப் பாடம் எடுப்பதென்று முடிவு செய்தேன். திருகு மூடி போட்ட தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆவி வெளியேறும்போது அடுப்பிலிருந்து இறக்கி இறுக மூடி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால், உள்ளே வெற்றிடமாகி வெளிக்காற்று டின்னை நசுக்கிவிடும். பார்க்கிறவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு டின் வாங்கி, ஒன்றை வியாழக்கிழமை மாலை வீட்டு அடுப்பிலேயே செய்து பார்த்தேன். அம்மா குழம்பை இறக்கி வைத்துவிட்டு எனக்கு அடுப்பை விட்டுக் கொடுத்தாள். தண்ணீரை ஊற்றினேன். டின் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு மெல்ல முனகியது. 'டொக்' என்றது. அப்புறம்தான் இடுப்பு ஒடிந்ததுபோல மடங்கியது.

"இன்னாடா, உன் வண்டி மாரியே கத்துது" என்றாள் அம்மா.

"அது வேற, இது வேறம்மா. உனக்குப் புரியாது" என்றேன்.

அவள் மறுபடி குழம்பை அடுப்பில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். பின் சீட்டில் இரண்டாவது டின்னும் மண்ணெண்ணெய் அடுப்பும் கயிற்றால் கட்டியிருந்தன. குழாயடியில் வழக்கத்தைவிடக் கவனமாகத் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் வருகிற நாள். கேட் நிஜமாகவே போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போனது, அதன் பின்னாலேயே ஒரு மின்சார ரயில். மணி பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. சேலையூர் தாண்டியது. ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்கு முன்பே காது டாங்க்கிடம் போய்விட்டது. இருமாதே, இருமாதே என்று சொல்லிக்கொண்டே போனேன். இருமியது.

அதே வேலிக்காத்தான் புதர். பிளக்கைக் கழற்றினேன், தேய்த்தேன், மாட்டினேன், உதைத்தேன். கிளம்பவில்லை. கால் மணி நேரத்தில் கிளம்புகிற வண்டி, இருபது நிமிடமாகியும் கிளம்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போனது. கை காட்டலாமா, வண்டியை இங்கேயே போட்டுவிட்டு ஓடலாமா என்று எண்ணுவதற்குள் அது போய்விட்டது. அப்பாவின் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. சாலையில் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடந்துகொண்டிருந்தேன்.

'டொக்.'

திரும்பினேன். டாங்க்தான் என்று நினைத்தேன். கிட்டே போனபோது மறுபடி 'டொக்'. இந்தத் தடவை சத்தம் வந்தது பின்னால் கட்டியிருந்த டின்னிலிருந்து. மூடியை இறுக்கி மூடியிருந்தேன், வெயிலில் உள்ளே காற்று சூடேறித் தகரம் புடைத்துக்கொள்கிறது. அது தட்டிய மறு நொடி முன்னால் டாங்க் தட்டியது. ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று பிரிக்க முடியாது.

உன் வண்டி மாதிரியே கத்துகிறது என்று நேற்று அம்மாதான் சொன்னாளே.

டாங்க் மூடியைத் திருகினேன். எளிதில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகியபோது 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. வெளியே வந்த காற்று அல்ல; உள்ளே போன காற்று. பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி. டாங்க் கடைசியாக ஒருமுறை 'டொக்' என்று நிமிர்ந்து, பேசாமலிருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் இதைத்தான் செய்திருக்கிறார். தகரம் அடிக்கிற ஓசையில் அவருக்கு இந்த மூச்சு கேட்கவில்லை. திறந்ததுமே நோய் போய்விடும், அவர் நோயே இல்லை என்பார். நானோ வழியில் ஒரு தடவைகூட மூடியைத் திறக்கவில்லை. வண்டியை ஆட்டிப் பார்த்தேன், நோட்டில் எழுதினேன்.

மூடியை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நடுவிலிருந்த அந்தப் புள்ளி வெறும் புள்ளி அல்ல, துவாரம். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போவதற்கான வழி. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகிப் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்காது; நான் பிளக் தேய்க்கிற கால் மணி நேரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து போனால்தான் இறங்கும். அதன் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. மேல்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தது, நான்தானே துடைத்தேன். உள்பக்கம் மஞ்சளாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. ஒரு வேலிக்காத்தான் முள்ளை ஒடித்துக் குத்தினேன். கல்போல இருந்தது. இரண்டாவது முள்ளில் உடைந்து, சின்னச் சின்னத் துண்டாக உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்தேன். பெட்ரோல் வாசனைக்கு நடுவிலும் சந்தனம் மணத்தது.

அம்மா மேலே வைத்ததெல்லாம் காய்ந்தால் தானாக உதிர்ந்திருக்கும். அதை ஈரத் துணி போட்டு, கட்டை விரலால் அழுத்தி, வாரா வாரம் துவாரத்துக்குள் திணித்தது யார் என்பதற்குச் சாட்சி என் பேன்ட் பையிலேயே ஈரமாக இருந்தது.

உதைத்தேன். கிளம்பியது. பள்ளிக்கூடம் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

மணி அடித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் புங்க மரத்தடியில் நின்றார். கேட் என்று சொல்லியிருக்கலாம். அன்று அது பாதி உண்மையும்கூட. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கையில் இன்னும் அந்த மஞ்சள் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, நான் அதை மறைக்க நினைத்து விரலை மடக்கியதை அவர் பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். பொட்டைச் சொன்னேன், குழாயடியைச் சொன்னேன், இதற்கு முன் சொன்ன மூன்று கேட்டில் இரண்டு பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் மூடியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அழிக்கச் சொல்லி இங்க யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"நான் ஏதாவது பேசினேனா, தெரியாம?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்தேன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார், போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார். பிறகு, நடந்துகொண்டே, "டின்னு இருக்கட்டும். இதையும் பசங்களுக்குச் சொல்லுங்க. இது புஸ்தகத்துல இல்ல" என்றார்.

சொன்னேன். டின் மடங்கியதும் வகுப்பு கை தட்டியது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். உடனே எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்துப்போய், டாங்க்கைக் காட்டி, மூடியைக் காட்டி, ஒரு சின்னத் துவாரம் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இருந்தும் வண்டி ஏன் நிற்கிறது, நின்ற பிறகு டாங்க் ஏன் முனகுகிறது என்று விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடம் எடுத்ததில்லை. வண்டி பசியில் கத்துகிறது என்ற பையன் முன்வரிசையில் நின்றான். அவன்தான் கேட்டான்:

"ஓட்டைய எது சார் அடச்சிது?"

"தூசி" என்றேன்.

அது வாயிலிருந்து தானாக வந்தது. பின்னால் நின்றிருந்த தலைமையாசிரியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். தூசி என்றுதான் எழுதியிருப்பார்.

வேலை நிலைத்தது. அன்றைய ஏழு நிமிடத்துக்கு நான்காவது சிவப்புக் கோடு விழுந்தது. தலைமையாசிரியர் அதில் சலுகை காட்டவில்லை. ஆனால் ரிப்போர்ட்டை நன்றாகவே எழுதியிருந்தார். ஜூனில் உத்தரவு கையில் வந்தது. அந்த முதல் தேதி அப்பா கேட்பதற்கு முன் நானே சொன்னேன். அவர் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இன்னிக்கிப் போவலயா நான்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். பிறகு, ஷெட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சொல்லிவிட்டும் வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அந்த வெள்ளிக்கிழமை மாலை.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். 'டிங், டிங்' என்று ஆறியது. அவ்வளவுதான். முழுங்கல் இல்லை, முனகல் இல்லை. அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். அவளும் அந்தச் சத்தத்துக்குக் காது வைத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா, இன்னிக்கி ஒண்ணும் பேசல?"

மூடியைக் கழற்றிக் காட்டினேன். இது மூச்சு விடுகிற ஓட்டை, பொட்டு இதை அடைத்துவிட்டது, இனிமேல் இதன்மேல் வேண்டாம் என்று சொன்னேன். குழாயடி விஷயத்தைச் சொல்லவில்லை. பழி அவள்மேல் விழுகிற மாதிரி நான் சொல்வது எனக்கே கேட்டது, இருந்தும் நிறுத்தவில்லை. அம்மா மூடியை வாங்கித் துவாரத்தின் வழியாக ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்தாள்.

"இதான் அதுக்கு மூக்கா? படிச்ச புள்ள, முன்னாடியே சொல்றதில்ல? மூக்குல போயா பொட்டு வெப்பேன் நான்?"

மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். துவைக்கிற துணியைக் கேட்டுக் கை நீட்டினாள். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். "கர்ச்சீப்பு?" என்றாள். தயங்கினேன். அவள் கையை மடக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை விரித்தாள். மஞ்சளும் சிவப்புமாகக் கறை, அதற்கு அடியில் துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய கறைகள். என்னிடமிருந்த நான்கு கர்ச்சீப்பும் அவள் ஓரம் அடித்துக் கொடுத்தவைதான். வாரா வாரம் துவைத்ததும் அவள்தான். எனக்கு அது அதுவரைக்கும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"மொதல்ல வெறும் சந்தனந்தான் வெச்சினு இருந்தேன்" என்றாள் கறையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே. "நீ தொடச்சிக்கினு போறன்னு தெரிஞ்சிச்சி. சரி, உனுக்கு அங்க இன்னா கஷ்டமோ. அதான் கொஞ்சம் பிசின் கலந்தேன். மேல போனாலும் அடியில துளி ஒட்டிக்கினு இருக்கட்டும், யார் கண்ணுக்கும் தெரியாம. ரோட்டுல லாரிங்க போவுது பாரு."

"எப்பலேர்ந்தும்மா?"

"தீவாளிக்கு அப்புறம். தெனிக்கும் நீ கத்துது கத்துதுன்னியா, நான் இன்னும் கொஞ்சம் பிசின் போட்டேன்."

என் நோட்டில் வெள்ளி, பிறகு திங்கள், பிறகு செவ்வாய் என்று நோய் நீண்டுகொண்டே போனதற்கான காரணம் அதுதான்: பிசின் கூடக் கூட, அடைத்தது காய்ந்து வெடித்துக் காற்றுக்கு வழி விட அதிக நாள் ஆகியிருக்கிறது. கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தேன். அந்தக் காரணத்துக்கு மட்டும் கட்டம் போடவில்லை. அம்மா கர்ச்சீப்பைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன், வேறு எங்கே போய் நிற்பதென்று தெரியாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது மூடி சுத்தமாக இருந்தது. ஹெட்லைட்டின் நெற்றியில், கண்ணாடியைச் சுற்றிய வளையத்துக்குக் கீழே, வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரே ஒரு பொட்டு. ஓட்டும்போது எனக்குத் தெரியாது; எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அம்மா வாசலில் நின்றாள். நான் நேராகப் பார்த்து ஓட்டினேன்.

தெருமுனை திரும்பினேன். குழாயடி வந்தது. வண்டி தானாக வேகம் குறைந்தது. கையும் தானாகப் பைக்குள் போனது.

பை காலியாக இருந்தது. அன்றைக்கு அம்மா கர்ச்சீப் வைக்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, என்ன வாத்தியாரே, இன்றைக்குத் துடைக்கவில்லையா என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்படியானால் தெருவுக்கே தெரியும். நான் கியரைப் போட்டுப் பல்லாவரம் பக்கம் திரும்பினேன். வழியெல்லாம் ஹெட்லைட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.